நெற்றிக் காசு

9.9.2024, திங்கள்

சதுர்த்தி முடிந்த கையோடு வியாபாரம் படுத்துவிட்டது. முதுநகரில் எல்லாருக்கும் பிள்ளையாரைக் கடலில் கரைத்த களைப்பு. பக்கெட்டும் குடமும் அடுக்கியது அடுக்கியபடி இருக்கிறது.

மத்தியானம் வயசான ஆள் ஒருவன் சிவப்பு மக் வாங்கினான். இருபத்தைந்து ரூபாய், முழுக்கச் சில்லறை. அதில் ஒரு ரூபாய் ஒன்று விரலில் பட்டதுமே கோணல் என்று தெரிந்தது. குனிந்துகூடப் பார்க்கவில்லை, தள்ளிவிட்டேன். "இது செல்லாதுப்பா, வேற குடு." பேசாமல் வேறு கொடுத்தான். என்னிடமே தள்ளப் பார்க்கிறான்கள். முப்பத்திரண்டு வருஷமாகக் காசு எண்ணுகிற விரல் இது.

14.9.2024

விஜயகுமார் வந்தான். என் வீட்டுக்காரி அமராவதியின் தம்பி. சிதம்பரம் கீழவீதிப் பக்கம் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிற கடை வைத்திருக்கிறான். அக்காவைப் பார்க்க வந்தவன் மாடிக்குப் போகாமல் என் கல்லாவில் உட்கார்ந்து காசுகளைக் கொட்டிப் பரப்பினான். கையில் பூதக்கண்ணாடி வேறு.

வருஷத்துக்குக் கீழே புள்ளி இருக்கிறதா, நட்சத்திரம் இருக்கிறதா, டைமண்ட் இருக்கிறதா என்று பார்க்கிறானாம். அதை வைத்து எந்த ஊரில் அடித்த காசு என்று தெரியுமாம். அபூர்வக் காசு சிக்கினால் லட்சமாம். "நம்ம கையில லட்சம் பொரளுது மாமா. நமக்குத்தான் கண்ணு இல்ல."

எனக்குக் கண் இருக்கிறது. கிள்ளையிலிருந்து குறிஞ்சிப்பாடி வரைக்கும் சைக்கிளில் குடம் கட்டிக்கொண்டு போய் விற்ற காலத்திலிருந்து பார்க்கிறேன். ஒரு ரூபாய் என்று போட்டிருந்தால் அது ஒரு ரூபாய். அதற்கு மேல் ஒரு பைசா தரேன் என்று ஒருத்தனும் என்னிடம் வந்ததில்லை.

அரைமணி நேரம் கூட்டம் நின்றது. ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: "என்னாங்க, உங்க கடையில கள்ளக்காசு வந்துடுச்சா?" அதோடு அவனை எழுப்பி மாடிக்கு அனுப்பினேன்.

18.9.2024

போன் செய்தான். சாமி படம் போட்ட அஞ்சு ரூபாய் கிடைத்துவிட்டதாம். மூன்று லட்சம் தர ஆள் இருக்கிறதாம். காலையில் சாப்பிட்டியா என்று கேட்டேன்.

22.9.2024, ஞாயிறு

நினைத்தது நடந்தது. வாங்குகிறவன் முதலில் 'பதிவுக் கட்டணம்' என்று இரண்டாயிரத்து ஐந்நூறு கேட்டான், இவன் அனுப்பினான். பிறகு 'வரி' என்று ஆறாயிரம், அதையும் அனுப்பினான். இப்போது அந்த நம்பர் உயிரோடு இல்லை.

வாங்குகிறவன் விற்கிறவனிடம் பணம் கேட்டால் அங்கே சரக்கு எது? இவன்தான் சரக்கு. எட்டாயிரத்து ஐந்நூறுக்குப் போயிருக்கிறான். அதுவே நல்ல விலை.

23.9.2024

இனிமேல் காசு என்ற பேச்சையே எடுக்க மாட்டான் என்று பார்த்தால் காலையிலேயே வந்து நிற்கிறான். கையில் போன். போனில் என் மாமனார்.

வைத்திலிங்கம் மாமா ஜூலையில் எங்கள் வீட்டில்தான் காலமானார். சிங்கப்பூரில் இருக்கிற பங்காளிகள் பார்ப்பதற்காக முழுச் சாவையும் வீடியோ எடுத்தார்கள். இவன் அதைப் போட்டுப் பார்த்திருக்கிறான். அப்பா ஞாபகத்தில் பார்த்தானா, வேறு எதற்குப் பார்த்தானா, தெரியாது. ஓர் இடத்தில் நிறுத்திப் பெரிதாக்கிக் காட்டினான். மாமா நெற்றியில் சந்தனம், அதில் ஒட்டிய ஒரு ரூபாய்க் காசு. காசில் சிங்கம் நடுவில் இல்லை. ஒரு பக்கமாக வழுக்கிப் போய் ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. மீதி இடம் பிறை மாதிரி வெறுமை.

"அச்சு வெலகின காசு மாமா. நாப்பதாயிரம் போவும். யாரு வெச்சது?"

நான்தான் வைத்தேன்.

"தெரிஞ்சா வெச்சீங்க?"

தெரியாது என்றேன்.

இது என் நோட்டு, இதில் எழுதலாம். தெரியும். நாற்பதாயிரம் தெரியாது, கோணல் தெரியும். கல்லா மூலையில் செல்லாக்காசுக்கு ஒரு டப்பா வைத்திருக்கிறேன். வாங்க ஆளில்லாததை அவ்வப்போது கோயில் உண்டியலில் போடுவேன். சாமி திருப்பிக் கொடுப்பதில்லை. அன்றைக்கும் அப்படித்தான் அது சட்டைப் பையில் இருந்தது. காசு காசு என்று யாரோ சத்தம் போட்டார்கள், கையை விட்டேன், இரண்டு வந்தது. ஒன்று நல்லது. நல்லதைப் பையிலேயே போட்டுவிட்டேன்.

29.9.2024, ஞாயிறு

சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி. விஜயகுமார் விடவில்லை. அமராவதியும் தம்பி வீட்டுக்கு வரேன் என்றாள். காரில் போனோம்.

மண்டபம் முழுக்க மேஜை, மேஜை முழுக்க செத்த காசு. எல்லாரும் பயபக்தியோடு குனிந்து பார்க்கிறார்கள். கதிர்வேல் என்று ஒரு வியாபாரி, நிதானமான ஆள். விஜயகுமார் அவரிடம் சாமி போட்ட அஞ்சு ரூபாயை நீட்டினான். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு அஞ்சு ரூபா தரேன் தம்பி" என்றார். அந்த இடத்தில் அவர் ஒருவர்தான் வியாபாரி என்று எனக்குப் பட்டது.

பிறகு மாமா நெற்றியைக் காட்டினான். போனை ரொம்ப நேரம் பார்த்தார். யாராவது ராவிச் செய்ததா, தானாக விலகி விழுந்த அச்சா என்று கையில் வைத்துப் பார்த்தால்தான் தெரியுமாம். நிஜமாக இருந்தால் எட்டாயிரம் தருவதாகச் சொன்னார்.

ஒரு ரூபாய்க்கு எட்டாயிரம். எனக்கு ஒரு பக்கெட்டில் ஆறு ரூபாய் நிற்கும். சிரித்தேன். ஆனால் காருக்கு வரும்வரை மனசு பெருக்கிக்கொண்டே வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

மச்சான் வீட்டில் சாப்பாடு. அவன் பெண்டாட்டி பவானி பரிமாறிக்கொண்டே அவனைக் காய்ச்சினாள்: "கண்ணாடி ஒட்ட வந்தவங்க வாசல்ல நிக்கிறாங்க அண்ணே, இவரு காசுக்குக் கண்ணாடி வெச்சுப் பாத்துக்கிட்டு இருக்காரு." அவன் காதில் வாங்கவில்லை. மாமாவுக்குத்தான் கைராசி, எத்தனையோ காசு இருக்க அதுதானே கையில் வந்தது என்று அக்காவிடம் சொன்னான்.

அங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. இவனை மட்டம் தட்ட வேண்டும் என்ற ஆசை. "ராசியாவது ஒண்ணாவது. மூணு மாசமா செல்லாக்காசு டப்பாவுல கெடந்தது. நீ லென்ஸ் வெச்சுத் தேடுறே, எனக்குக் குப்பையில எட்டாயிரம் கெடைக்குது."

அமராவதி ரசத்தைக் கீழே வைத்தாள். "அன்னைக்குப் பையில வேற காசு இல்லியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தினமும் நூறு பேரிடம் சொல்கிற பொய். வரவில்லை.

விஜயகுமார் சமாதானத்துக்கு வந்தான்: "விடுக்கா. எட்டாயிரம் ரூபா காசைத்தானே அப்பா நெத்தியில வெச்சிருக்காரு."

"இவரு வெச்சப்போ அது செல்லாக்காசு" என்றாள்.

திரும்பும்போது பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். முதுநகர் வரைக்கும் டிரைவர் மாதிரி ஓட்டி வந்தேன்.

30.9.2024

என்ன தப்பு? செத்தவர் கடைக்கா போகப்போகிறார்? இரண்டு வருஷம் வைத்துப் பார்த்தது யாரு? பெத்த புள்ள பார்த்தானா? ஆஸ்பத்திரிக்கு எழுபதாயிரம் கட்டினேன், அதை ஒருத்தனும் வீடியோ எடுக்கல. ஒரு ரூபாயை எடுத்து வெச்சிருக்கானுங்க.

1.10.2024

சாப்பாடு மூடி வைத்திருந்தது. ஆள் இல்லை.

2.10.2024

இன்றைக்குப் பேசினாள். திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். திட்டவில்லை. அந்தக் காசு சுடுகாட்டில் வேலை செய்கிறவரிடம்தான் போயிருக்கும், அவர் கையிலும் அது செல்லாது, அப்பா நெற்றியில் இருந்தது அப்படிக் கடை கடையாக அலையக் கூடாது என்றாள். "நீங்களே போயி, நல்ல காசு குடுத்து மாத்திக்கிட்டு வாங்க. எனக்கு அது வேணும்."

விற்கவா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

6.10.2024, ஞாயிறு

சுடுகாட்டுக்குப் போனோம். முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டான் மச்சான், பூதக்கண்ணாடியும் கையுமாக. அங்கே வேலை பார்ப்பவர் பெயர் அய்யனார். அறுபத்தைந்து இருக்கும். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தார். சிவப்பு மக். என் கடை மக்.



விஷயத்தைச் சொன்னேன். நெற்றிக் காசு எங்கே என்று கேட்டேன். அவர் காலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"நெத்திக் காசு எனக்குத்தான் வரும், வழக்கம். டீக்கடையில குடுத்தேன், வாங்கல. வெச்ச வீட்டுல வாங்கிப்பாங்கன்னு உங்க கடைக்கே வந்தேன். நீங்களும் வாங்கல. என் மூஞ்சியக்கூடப் பாக்கல மொதலாளி."

விஜயகுமார்தான் அவசரப்பட்டான், இப்போது எங்கே, இப்போது எங்கே என்று.

பத்துப் பதினைந்து நாளைக்கு முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பிணம் வந்ததாம். ஆளில்லாத பிணம். ஒரு போலீஸ்காரர், வண்டிக்காரர், இவர், மூன்று பேர்தான். நெற்றியில் காசு வைக்க யாரும் இல்லை. இவர் மடியில் அந்தக் காசு சும்மா கிடந்தது. வைத்தார். அதோடு புதைத்துவிட்டார்.

"பொதைக்கறதுக்கு முன்னாடி எடுக்கறதுதானே?" என்றான் மச்சான்.

"வெச்சது நானு தம்பி. நானே எடுத்தா அது வெச்சதா ஆவுமா?"

எந்த இடம் என்று கேட்டான். அய்யனார் அவனையே பார்த்தார். "தோண்டப் போறியா?"

லென்ஸைப் பைக்குள் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்துவிட்டான். பெத்த அப்பனுக்குக் கொள்ளி வைக்கும்போதுகூட அவன் தலை அவ்வளவு தொங்கவில்லை.

நான் ஐந்நூறு ரூபாயை நீட்டினேன். வாங்கவில்லை. "நீங்க தர வேண்டியது ஒரு ரூவா" என்றார். தேடி எடுத்துக் கொடுத்தேன். வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினார். நான் கல்லாவில் செய்கிறேனே, அதே மாதிரி.

"இது செல்லும்ல?"

செல்லும் என்றேன். முப்பத்திரண்டு வருஷத்தில் என் காசை ஒருத்தரும் திருப்பிப் பார்த்ததில்லை.

7.10.2024

அமராவதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மக் வாங்க வந்ததையும், தள்ளிவிட்டதையும். அந்த ஆளில்லாத பிணத்தைப் பற்றிச் சொன்னபோது ஆணா பொம்பளையா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, கேட்கத் தோன்றவில்லை.

எழுந்து உள்ளே போகும்போது, "மழைக்கு முன்னாடி அந்த அய்யனாருக்கு ஒரு தார்ப்பாய் குடுத்தனுப்புங்க" என்றாள். பில் போடுவதா என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

19.10.2024

கல்லா மூலையில் செல்லாக்காசு டப்பாவைக் காணோம். யார் எடுத்தார்கள் என்று கேட்கவில்லை.

விஜயகுமார் இப்போது பழைய ரூபாய் நோட்டு பார்க்கிறானாம், நம்பர் வரிசைக்காக. பவானி போனில் அழுகிறாள். அவனுக்குப் புத்தி வரும் என்று நான் எங்கேயும் எழுதவில்லை.

17.11.2024, ஞாயிறு

பக்கத்து அரிசிக் கடை நடனசபாபதியின் அம்மா பட்டம்மாள் காலமானார். தொண்ணூறு வயசு. விஜயகுமாரும் வந்திருந்தான்.

குளிப்பாட்டிச் சந்தனம் வைத்ததும் காசு காசு என்று சத்தம். நடனசபாபதி வெற்றுடம்போடு நின்றார், பை இல்லை. என் கை பைக்குள் போனது. பெண்கள் கூட்டத்தில் அமராவதி உட்கார்ந்திருந்தாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இரண்டு காசு வந்தது. ஒன்று தேய்ந்தது, ஒன்று புதுசு. புதுசை எடுத்து வேட்டியில் துடைத்து, இரண்டு பக்கமும் பார்த்து, வைத்தேன்.

மச்சான் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான், வருஷம் தெரிகிறதா என்று. "சாதாரணக் காசுதாண்டா, போ" என்றேன்.

சுடுகாட்டில் அய்யனார் அதை எடுத்தார். என் எதிரிலேயே திருப்பிப் பார்த்தார். மடியில் முடிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து தலை முழுகிவிட்டு உட்கார்ந்தேன். அமராவதி காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"வாங்கிக்கிட்டாரா?"

"வாங்கிக்கிட்டாரு."