நொண்டித் தொட்டில்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சிரிக்காதே. மகளுக்குப் பிரசவம் நெருங்குகிறதே என்று கிள்ளான் கடைத்தெருவில் கரண்டுத் தொட்டில் பார்க்கப் போனேன். கடைப் பையன் ஒரு பொம்மையைப் போட்டு ஆட்டிக் காட்டினான். பொம்மை முழித்திருந்தது, நான் தூங்கிவிட்டேன். வாய் திறந்து, குறட்டையோடு. எழுப்பிவிட்டு, நான் தூக்கத்தில் கால் ஆட்டினதைக் கைப்பேசியில் எடுத்த வீடியோவையும் காட்டினான். "ஆன்டி, மெஷின் ஒழுங்காத்தான் ஆடுது. உங்க கால்தான் நொண்டுது."

உன் தொட்டில் தாளம்டி அது.

யாரோ தூக்கிப் போட்ட மோட்டாரை மாட்டி, ஸ்பிரிங்கில் சாரோங் துணியைத் தொங்கவிட்டிருந்தாய். டக், டக், அப்புறம் ஒரு மூச்சு நின்று, டக். நீ கையுறைத் தொழிற்சாலைக்கு இரவு வேலைக்குப் போவாய். எதிர் வீட்டுக்காரி நான் உன் மகளுக்குக் காவல். அதைச் சரி பண்ணேன் என்றால், "தூங்குறா இல்ல, விடு லா" என்பாய்.

என் மகள் நான் தட்டிக்கொடுத்துத் தூங்கினவள். உட்காரப் பழகினதுமே, வானொலிப் பாட்டுக்குக் கரண்டியால் மங்குக் கிண்ணத்தில் தாளம் தப்பாமல் தட்டுவாள். உன் மகள் முதல் இரண்டைச் சரியாகத் தட்டுவாள். மூன்றாவதற்குக் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். எதற்குக் காத்திருக்கிறாள் என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும்.

பாலர்பள்ளி ஆண்டுவிழாவில் எல்லாப் பிள்ளைகளும் தட்டி முடித்த பிறகு அவள் மட்டும் ஒரு தட்டுத் தட்டினாள். "பஸ் போன பிறகு கை காட்டுறா பாரு உன் மக" என்றேன். மண்டபமே திரும்பிப் பார்க்கச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். வீடு வரும்வரை மகளைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னாலேயே நடந்தாய்.

வளர்ந்ததும் கோயில் உறுமி மேளக் குழுவில் சேர்ந்தாள். உனக்கு அதன் பிறகு ஒரே ஆசை. "பங்குனி ஊர்வலத்துல இவ அடிச்சிட்டு வர்றத ஒரு தடவ பார்த்தா போதும்டி." குழுத் தலைவன் அவள் அடித்ததைக் கேட்டுப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, நீ பேனர் பிடி லா" என்றான். ஒவ்வொரு பங்குனிக்கும் பேனர்தான். நீயும் ஒவ்வொரு முறையும் புதுச்சேலை கட்டி முன்னால் போய் நின்றாய். ஊரிலேயே பேனருக்குக் கை தட்டின ஒரே தாய் நீதான் என்று அதற்கும் கேலி செய்தேன்.

அப்புறம் காய்ச்சல் என்று மருத்துவமனைக்கு நடந்து போனவள், பெட்டியில் திரும்பி வந்தாய்.

அடுக்குமாடியின் கீழ்க்கூடத்தில் உன்னை வைத்திருந்தோம். மேளக் குழு வந்தது. உன் மகள் நேராகப் போய், ஒருவன் தோளில் கிடந்த மேளத்தைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். சாவு வீட்டில் மகளை யார் தடுப்பது? அடித்தாள். டம், டம், ஒரு மூச்சு, டம். மற்றவர்கள் அவளைத் தங்கள் தாளத்துக்கு இழுத்துப் பார்த்தார்கள். முடியவில்லை. கடைசியில் எல்லா மேளமும் அவளோடு சேர்ந்து நொண்டின. தலைவன் பேனரைச் சுருட்டி வைத்துவிட்டு அவள் பின்னால் நின்று அடித்தான். நீ ஆசைப்பட்டது அப்படியே நடந்தது. உன் கண்ணைத்தான் அதற்குள் மூடிவிட்டார்கள். அழுதுகொண்டிருந்த என் கால் தானாக ஆடத் தொடங்கியது. இன்னும் நிற்கவில்லை.

உன்னைத் தூக்கியவர்களும் அந்த அடிக்குத்தான் நடந்தார்கள். முன்னால் பிடித்தவர்கள் அந்த ஒரு மூச்சுக்கு நின்றார்கள், பின்னால் பிடித்தவர்கள் நிற்கவில்லை. பெட்டி கோணிக்கொண்டு போய்ச் சுவரில் இருந்த தபால் பெட்டிகளில் இடித்தது. உனக்கு ஒன்றும் ஆகவில்லை. என் தபால் பெட்டி நெளிந்துவிட்டது. கரண்டு பில்லை இடுக்கி விட்டுத்தான் எடுக்கிறேன்.