மாறாத நம்பர்

நாவலூரில் இருப்பவருக்கு,

மெயில் அனுப்பினால் இனி உங்களால் திறக்க முடியாது. அதனால்தான் தபால்.

ஆஃபர் கண்ட இடத்திலெல்லாம் சிம் மாற்றுகிறவர் நீங்கள். மெயிலைத் திறப்பதற்கான கோடு எந்த நம்பருக்கு வரவேண்டும் என்று கேட்டபோது, மாறாத நம்பர் என்று என்னுடையதைக் கொடுத்தீர்கள். எங்களை விட்டுப் போகும்போது ஷேவிங் செட்டைக்கூட மறக்காமல் எடுத்துப் போன மகா புத்திசாலிக்கு அதை மாற்றத் தோன்றவில்லை.

இப்போது தாம்பரத்தில் இருக்கும் எனக்கு உங்கள் போன் வருவதே அதற்காகத்தான். "கோடு வந்துச்சா? சீக்கிரம் சொல்லு!" பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று நான் சொல்வதற்குள் வைத்துவிடுகிறீர்கள். பின்னால் குக்கர் விசில் அடிக்கிறது. வெந்நீர்கூட வைக்கத் தெரியாதவர் வீட்டில்!

இன்றும் கோடு வந்தது. சொல்ல மாட்டேன். யாரிடமும் பகிர வேண்டாம் என்று அந்த மெசேஜிலேயே போட்டிருக்கிறது. இப்போது நீங்களும் யாரோதானே.

இப்படிக்கு,
நம்பர் மாற்றாதவள்