ஓடுகிற தண்ணீர்

பெட்டியில் பிள்ளைக்குக் கம்பளிக் குல்லாய் தேடினேன். கைக்கு வந்தது அந்த வெள்ளைச் சட்டை. எத்தனை தடவை துவைத்தும் அதன் விளிம்பில் குண்டாற்று வண்டலின் சிவப்பு போகவில்லை. மடித்து வைக்க மனமில்லாமல் மடியில் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். நீ போய் இத்தனை மாதம் கழித்தா என்று கோபிக்காதே. இவன் இரண்டு நாளாக இருமுகிறான். ஒரு வரி எழுதுவதும் தொட்டிலை எட்டிப் பார்ப்பதுமாக இருக்கிறேன். சாயங்காலம் போதகர் ஐயா வருகிறார். அவருக்கு நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

கல்லூரி விடுதியில் நமக்கு ஒரே அறை. படிப்பு முடிந்து நான் கல்யாணமாகி அருப்புக்கோட்டைக்கு வந்தேன். நீ மிஷனில் சேர்ந்து, திருச்சுழிக்கும் அப்பால், ஆற்றின் அக்கரைக் குடிசைகளுக்கு வேதமும் எழுத்தும் சொல்லிக்கொடுக்கப் போனாய். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற பஸ்ஸில் புகை குடித்து உன்னைப் பார்க்க வந்தால், "ஆறு எங்கே?" என்று கேட்பேன். "இப்போது மிதித்துக்கொண்டு வந்தாயே, அதுதான்" என்று சிரிப்பாய். வெறும் மணல். நடுவில் வெள்ளரிக் கொடி. பெண்கள் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் தண்ணீர் மொண்டுகொண்டிருப்பார்கள்.

அந்தப் பெண்கள்தான் ஞானஸ்நானம் கேட்டார்கள். ஐயா கிண்ணத்தோடு வந்து, ஊற்றிலிருந்து ஒரு குடம் கொண்டுவரச் சொன்னபோது அவர்களில் ஒருத்தியான கருப்பாயி மறுத்துவிட்டாள்.

"ஊத்துத் தண்ணி வேணாம் ஐயா. இது எங்க தெரு ஊத்து, அது அவுக தெரு ஊத்து. அப்புறம் இந்தத் தெரு வேதக்காரி, அந்தத் தெரு வேதக்காரின்னு ஆயிரும். ஆத்துல வர்ற தண்ணிக்குத்தான் தெரு கெடையாது."

"ஆறு எப்பம்மா வர்றது?"

"இம்புட்டு நாள் எங்களுக்காகக் காத்திருந்த சாமி, இன்னுங் கொஞ்சம் பொறுக்க மாட்டாரா?"

ஐயாவே சிரித்துவிட்டார். "சரி, ஆறு வரட்டும். வாரேன்" என்று போனார். ஆறு வந்தால் அவரால் கடக்க முடியாது, கடக்க முடிகிறபோது ஆறு இருக்காது என்பது அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஐப்பசியில் நான் பிள்ளையோடு உன்னிடம் வந்திருந்தபோது ஆறு வந்தது. எதிர்க்கரையில் ஐயா குடை பிடித்து நின்று ஏதோ கத்தினார். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கருப்பாயி உன்னையே பார்த்தாள்.

"ஐயா அங்கன நிக்காக, தண்ணி இங்கன போகுது. நாளைக்கு ஐயா இங்கன வருவாக, தண்ணி எங்கிட்டுப் போயிருக்குமோ?"

நீ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கரையோரத்து முழங்கால் தண்ணீரில் இறங்கினாய். ஒவ்வொருத்தியாக வந்தார்கள். கடைசியில் என்னைப் பார்த்து, "இவனையும் தாடி" என்றாய்.

"உனக்கு அதிகாரம் உண்டாடி?"

"தெரியல. தண்ணி போயிரும்."

இந்த வெள்ளைச் சட்டையோடு கொடுத்தேன். தலையில் தண்ணீர் பட்டதும் காலை உதைத்துச் சிரித்தான்.

மிஷனில் உன்னை விளக்கம் கேட்டார்கள். அதற்குப் போவதற்குள் விஷக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. இப்போது, குருப்பட்டம் பெறாத ஒரு பெண் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது, எல்லாருக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. சந்தைக்கு வெள்ளரிக்காய் கொண்டுவந்த கருப்பாயி என் வாசலில் கூடையை இறக்கிவைத்துக் கேட்டாள்: "அப்ப டீச்சரம்மா அன்னைக்கு எங்களை அழுக்குத் தேய்ச்சா விட்டாக?"

ஐயா நல்லவர். எனக்கு ஒரு வழி சொன்னார். சாகக்கிடக்கிற பிள்ளைக்கு யார் கொடுத்தாலும் செல்லுமாம். "அன்னைக்கு அவனுக்கு ரொம்ப முடியாம இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. அவனுக்கு மட்டுமாவது நிக்கும்." என் வீட்டுக்காரரும், "சொல்லிட்டுப் போயேன், இருமுற பிள்ளைய வச்சுக்கிட்டு எதுக்கு வம்பு?" என்கிறார். எனக்கும் சொல்லிவிடலாம் என்றுதான் இருக்கிறது. பெற்றவளுக்குப் பயம் பெரிது. வாசலில் சைக்கிள் சத்தம். பிறகு எழுதுகிறேன்.

ஐயா போய்விட்டார்.

காப்பி கொடுத்தேன். அவர் கேட்கிற நேரம் பார்த்து இவன் இருமினான். நாக்கு நுனிவரைக்கும் அந்தப் பொய் வந்தது. ஆனால் அதைச் சொன்னால் என் பிள்ளை ஒரு கரையில், கருப்பாயி ஒரு கரையில் என்று ஆகிவிடுமே.

"நல்லாத்தான் இருந்தான் ஐயா. சிரிச்சான்."

"யோசிச்சுச் சொல்லும்மா."

"கருப்பாயிக்குச் செல்லாதது இவனுக்கும் செல்ல வேணாம். செல்லும்னா எல்லாருக்கும் செல்லட்டும்."

"அப்ப ஞாயித்துக்கிழமை கோயிலுக்குக் கூட்டிட்டு வா. மறுபடி கொடுத்துருவோம்."

"வரலைங்கய்யா."

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். கோபமில்லை, வருத்தம்தான். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவர்கள் கணக்கில் இன்றைக்கு என் பிள்ளை ஞானஸ்நானம் இல்லாதவன். செய்தது சரியா என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடில்லை. நம்பாமல் மறுபடி தொட்டேன். இந்தப் பயம் என்னை விட்டுப் போகாது, தெரியும். இருக்கட்டும், நான் சுமக்கிறேன். நீ அவன் தலையில் வைத்த கையை எடு என்று சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை.