துரை கோடு போட்ட போத்தல்

புளத்கொகுபிட்டிய,
1935 ஜனவரி, புதன்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை கன்னையா அவர்களுக்கு, மாமன் பழனியாண்டி எழுதிக்கொள்வது.

இங்கு எல்லோரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை. பிள்ளை சுகமாக இருக்கிறான். ஆட்டுப்பாலைப் பஞ்சில் நனைத்துக் கொடுக்கிறோம். குடித்துவிட்டு, கூலி ஆட்கள் இருக்கிற லயம் வரைக்கும் கேட்கும்படி கத்துகிறான். உங்கள் குரல்தான் என்று அத்தை சொல்கிறாள். அழகம்மாதான் எழுந்து உட்கார முடியாமல் கிடக்கிறாள். மலேரியாக் காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் பிரசவத்தில் போன இரத்தம் உடம்பில் ஊறவில்லை. உதடும் நகமும் வெளுத்துக் கிடக்கின்றன. தோட்டத்து மருந்தையா மறுபடியும் வந்து பார்த்தார். நல்ல போர்ட் வைன் காலையும் மாலையும் இரண்டு கரண்டி முட்டைக்கருவோடு கொடுங்கள், சோறு இறங்காத உடம்பில் அதுவாவது இறங்கட்டும் என்றார். போகும்போது வாசலில் நின்று என்னிடம் மட்டும், தாமதிக்க வேண்டாம் என்றார்.

நீங்கள் கொழும்பிலிருந்து அனுப்பிய போத்தல் ஜமால்தீன் நானாவின் லொறியில் வந்து சேர்ந்தது. அவர் குடிவகையைக் கையால் தொடமாட்டார். நோயாளிக்கு மருந்து என்று நாம் கேட்டுக்கொண்டதற்காக, சாக்கில் சுற்றி மூலையில் வைக்கச் சொல்லிக் கொண்டுவந்தார். புறக்கோட்டைச் சந்துக் கடையில் பேரம் பேசிப் பாதி விலைக்கு வாங்கியதாக எழுதியிருந்தீர்கள். கெட்டிக்கார மாப்பிள்ளை என்று நானும் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமை அன்று சாயங்காலமே போய்விட்டது.

இரண்டு கரண்டி உள்ளே போனதும் வயிற்றைப் பிசைகிறது என்று துடித்தாள். குடித்ததும் வாந்தியாகப் போயிற்று, காலையில் குடித்த கஞ்சியும் போயிற்று. நான் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தேன். தீய்ந்த சீனியும் ஏதோ பட்டைச் சாயமும் கலந்த மட்டச் சாராயம். தினமும் துரைக்கு வைன் ஊற்றிக் கொடுக்கிறவனுக்கு இது தெரியாமல் போகுமா? போத்தலை வெளிச்சத்தில் திருப்பினேன். மாப்பிள்ளை, அது எங்கள் பங்களாப் போத்தல்.

மாமனுக்கும் காய்ச்சல் வந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். எங்கள் துரை சாப்பிட்டு எழும்போது, போத்தலில் மிச்சம் எவ்வளவு என்று லேபிள் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். வேலைக்காரர் திருடிக் குடிக்காமல் இருப்பதற்கு. அதற்கென்றே ஒரு பென்சில் அலமாரிமேல் கிடக்கும். நீங்கள் அனுப்பிய போத்தலில் அந்தக் கோடுகள் ஏணிப்படி மாதிரி மேலிருந்து கீழே இறங்குகின்றன. ஒன்று மட்டும் கோணல். அதைப் போடும்போது நாய் மேசைக்கடியில் புகுந்து துரையின் முழங்கையை இடித்தது. தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான். காலிப் போத்தல்களை மாதாமாதம் போத்தல்காரன் வந்து வாங்கிப் போவான். குசினி ஆட்களுக்கு அது வழக்கமான வரும்படி. லேபிள் கிழியாத போத்தலுக்கு மட்டும் அவன் ஏன் கூடக் காசு கொடுக்கிறான் என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

உங்கள்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். இருந்தது, ஆறிவிட்டது. வைன் குடிக்காதவன் வைன் வாங்கப் போனால் லேபிளைத்தான் பார்ப்பான். இந்தத் தடவை நான் சொல்கிறபடி வாங்குங்கள். சந்துப் பக்கமே போகவேண்டாம். பங்களாக்களுக்குப் பெட்டி பெட்டியாக அனுப்புகிற பெரிய கடைகள் கொழும்புக் கோட்டையில் இருக்கின்றன, அங்கே போங்கள். வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, தோட்டத்துப் பங்களாவுக்குச் சாமான் வாங்க வந்திருக்கிறேன் என்று சொன்னால் உள்ளே விடுவார்கள். கண்ணாடிக்குள் வெயில் படும்படி அடுக்கியிருப்பதை எடுத்துத் தந்தால் வேண்டாம் என்று சொல்லி, உள்ளறையில் இருப்பதைக் கேளுங்கள். கழுத்தைச் சுற்றிய ஈயத்தகடு பிரித்து மறுபடி ஒட்டியது போல இருக்கக்கூடாது. கழுத்துவரை நிறைந்திருக்கவேண்டும். லேபிள் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தால் அப்படியே திருப்பிக் கொடுங்கள். பென்சில் கோடு இருந்தால் கடைக்காரன் தலையிலேயே போடுங்கள். பழைய வருஷம், பெரிய கம்பெனிச் சரக்கு என்று ஆசை காட்டுவார்கள். அதெல்லாம் துரைமார் தங்களுக்குள் பீற்றிக்கொள்ள. நமக்குச் சாதாரணப் போர்ட்டே போதும், அதிலும் அரை அளவுச் சின்னப் போத்தல் போதும். பேரம் பேசவேண்டாம். அசலைப் பாதி விலைக்கு எவனும் தரமாட்டான்.

அலமாரி நிறைய வைன் இருக்கிற பங்களாவில் வேலை செய்கிறவன் கொழும்புக்கு எழுதுகிறானே என்று நினைப்பீர்கள். துரையிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். கூலிச் சனத்துக்கு வைன் எதற்கு, தோட்டத்து மருந்து போதும் என்று சொல்லிவிட்டு, அன்றைய பென்சில் கோட்டை வழக்கத்தைவிட அழுத்திப் போட்டார். கேட்காமல் இருந்திருந்தால் சந்தேகம் நாலு பேர்மேல் போகும். கேட்டுவிட்டதால் இனி ஒரு சொட்டுக் குறைந்தாலும் நான்தான். வேலையிலிருந்து நீக்குகிற பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்து அன்றைக்கே தோட்டத்தைவிட்டு இறக்கிவிடுவார். கிடக்கிற பெண்ணையும் பச்சைப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு எந்த றோட்டில் போய் நிற்பேன்?

இதையெல்லாம் உங்கள் அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். இருளாயி எப்போதும் எதிர்த்துப் பேசாதவள் என்று உங்களுக்குத் தெரியும். இன்று காலையில் மகளுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு, “அலமாரிச் சாவி உங்க இடுப்புலதானே தொங்குது? அந்தக் கோடு பெரிசா, எம்புள்ள பெரிசா?” என்று கேட்டாள். நான் எழுந்து பங்களாவுக்குப் போய்விட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை.

துரை நுவரெலியாவுக்குப் போயிருக்கிறார். சனிக்கிழமைதான் திரும்புவார். இந்தக் கடிதத்தை ஜமால்தீன் நானாவே நாளைக்கு உங்கள் கையில் கொடுப்பார். அவர் லொறி வெள்ளிக்கிழமை இங்கே வந்துவிடும். அதற்குள் நல்ல போத்தலாக வாங்கி அதில் ஏற்றிவிடுங்கள். லீவு கிடைத்தால் நீங்களும் ஏறி வந்துவிடுங்கள். அழகம்மா கண் திறக்கும்போதெல்லாம் லொறிச் சத்தம் கேட்டதா என்றுதான் கேட்கிறாள்.

முருகன் உங்களுக்குத் துணை இருக்கட்டும். பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. தாயும் தகப்பனும் சேர்ந்து உட்கார்ந்து வைக்கவேண்டும் என்பது என் ஆசை.

மையில் எழுதாமல் பென்சிலில் எழுதியிருக்கிறேனே என்று குறை நினைக்கவேண்டாம். இது அந்த அலமாரிமேல் கிடந்த பென்சில். மத்தியானம் எடுத்துவந்தேன். எதற்கு என்று உங்கள் அத்தை கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை லொறி வந்ததும், துரையின் போத்தலில் நான் ஒரு கோடும் போடாமல், இருந்த இடத்திலேயே அதைக் கொண்டுபோய் வைத்துவிட எனக்கு வழி செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமன்
பழனியாண்டி