கொடுக்காத நாத்தனார் சீர்

அன்புள்ள அக்கா,

நேற்று அவலூர்பேட்டையிலிருந்து திரும்புகிற பஸ்ஸில் ஒரு பெரியவர் கூடையோடு ஏறினார். கூடையில் காய்ந்த இறால். பஸ்ஸே மூக்கைப் பொத்திக்கொண்டு முன்பக்கம் நகர்ந்தது. நான் மட்டும் பின்னால் நகர்ந்து கூடைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் திருட வரவில்லை ஐயா, எங்கள் அக்காவின் வண்டியை மோந்து பார்க்க வந்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சாயங்காலமானால் உங்கள் தள்ளுவண்டி. வேகவைத்த நூடுல்ஸைக் கையாலேயே பிசைந்து, வறுத்த பூண்டும் இறால் பொடியும் தூவி, புளித்தண்ணீர் விட்டுத் தருவீர்கள். ரங்கூன் பலகாரம், பெயர் அத்தோ. முதல் வாரம் செஞ்சி அதைப் புழு என்றது. இரண்டாவது வாரம் அதே செஞ்சி வரிசையில் நின்றது. உங்கள் சின்னக் கண்களையும், பர்மா வழக்கப்படி கன்னத்தில் அப்பியிருக்கும் தனாக்கா மரத்தூளையும் பார்த்து வெளியூர்க்காரர்கள் சைகையில் விலை கேட்பார்கள். நீங்கள் நிமிர்ந்து, "வாய்ல இன்னா கொழுக்கட்டையா? பேசேன் நைனா" என்பீர்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கவே நான் இரண்டாவது தட்டு வாங்குவேன். தொந்திக்குக் காரணம் கேட்கும் டாக்டரிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்.

அந்த நோட்டீஸ் வந்த நாள் ஞாபகமிருக்கிறதா? டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருப்பவனுக்கு இங்கிலீஷ் தெரியும் என்ற நம்பிக்கையில் என்னிடம் கொண்டுவந்தீர்கள். பாதி புரிந்தது, அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. வேலைக்காக ரங்கூன் போன உங்கள் வீட்டுக்காரர், உங்களையும் கூட்டிக்கொண்டு கப்பலேறி ஊர் திரும்பினார். இந்தியரின் மனைவி என்று பதிந்துதான் உங்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. இப்போது அவரும் இல்லை. யாரோ மொட்டை மனு போட்டிருந்தார்கள். நீங்கள் அவருக்கு மனைவியே இல்லையாம், பொய் சொல்லி வாங்கிய குடியுரிமையை ஏன் பறிக்கக்கூடாது என்று அரசாங்கம் கேட்டிருந்தது.

"பர்மாவுல கதவச் சாத்திட்டானுங்க. இவங்களும் சாத்திட்டா நான் இன்னா, நடுக்கடல்ல வண்டி போடறதா?" என்று சிரித்தீர்கள். ஆனால் அன்றைக்கு அத்தோவில் உப்பு போட மறந்துவிட்டீர்கள். யாரும் சொல்லவில்லை, தின்றுவிட்டுப் போனோம்.

உங்கள் கல்யாணம் சீயமங்கலத்தில் மாமியார் வீட்டு வாசலில் நடந்தது. பதிவு இல்லை, படம் இல்லை, முன்னின்ற பெரியவர்களும் இல்லை. மிச்சமிருந்த ஒரே சாட்சி உங்கள் நாத்தனார். அந்த அம்மாளுக்கும் உங்களுக்கும் பேச்சு கிடையாது, ஏச்சு மட்டும் உண்டு. சந்தையில் எதிர்ப்பட்டால் இரண்டு பேரும் கத்திரிக்காயைப் பார்த்துத் திட்டிக்கொள்வீர்கள். மனு போட்டதே அவர்தான் என்று ஊரில் பேச்சு. பேச்சைக் கிளப்பியவர்களில் நானும் முக்கியமானவன்.

ஆகவே நாத்தனாரை விட்டுவிட்டு, நாங்களே சாட்சி சொல்லிக் கரையேற்றுவது என்று முடிவு செய்தோம். பூக்கார அம்மா, ஜவுளிக்கடை பாய், நான். குடியுரிமை என்றால் இந்த ஊரில் பிறந்தவளா இல்லையா என்றுதானே கேட்பான் என்று மூன்று மேதைகளும் ஒருமனதாக நினைத்தோம். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆச்சரியம் தரலாம் என்று இருந்தோம்.

தாலுகா ஆபீஸில் கண்ணாடி போட்ட விசாரணை அதிகாரி உட்கார்ந்திருந்தார். அவர் எழுதி அனுப்புவதைப் பார்த்துத்தான் டெல்லியில் முடிவு. பூக்கார அம்மா முதலில் போய், "சாமி, இவ பொறந்தப்ப தொப்புள்கொடி அறுத்ததே நாந்தான்" என்றார். உங்களைவிட நாலைந்து வயது சின்னவர் அவர். பாய் விடுவாரா? "எங்க அத்தா கடைலதான் சார் இவங்களுக்கு மொத பாவாடை எடுத்தாங்க. ரோஸ் கலரு" என்றார். அதிகாரியின் பேனா நின்றுவிட்டது. அடுத்து நான். முன்னால் போனவர்களைவிடக் குறைவாகச் சொன்னால் உங்கள்மேல் பாசம் குறைவு என்று ஆகிவிடாதா?

"நானும் இவங்களும் அஞ்சாங்கிளாஸ் ஒண்ணா படிச்சோம் சார்."

"உமக்கும் அவங்களுக்கும் பத்து வயசாவது வித்தியாசம் இருக்குமே?"

"அவங்க அடிக்கடி பெயிலாவாங்க சார்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "ரங்கூன்ல பொறந்ததா இந்தம்மா எழுதிக் குடுத்திருக்காங்க. நீங்க மூணு பேரும் செஞ்சியிலதான் பொறந்தாங்கன்னு சத்தியம் பண்றீங்க. அப்ப இவங்க எழுதினது பொய். அதானே?"

அப்போதுதான் உறைத்தது அக்கா. பறிப்பதற்குக் காரணம் தேடி வந்த மனிதருக்குத் தட்டில் வைத்து நீட்டியிருக்கிறோம். பூக்கார அம்மா தொப்புள்கொடியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்பதுபோல விழித்தார். நீங்கள் எழுந்தீர்கள். "சார், இதுங்க மூணும் சொன்னது பொய்யி. நான் ரங்கூன்ல பொறந்தவதான். எனக்காவ பொய் சொல்லுதுங்க, அதுகூட ஒழுங்கா சொல்லத் தெரில" என்றீர்கள். குரல் உடையவில்லை. புடவைத் தலைப்பை மட்டும் விரலில் சுற்றிக்கொண்டே இருந்தீர்கள்.

"சரிம்மா. கல்யாணம் நடந்ததுக்கு யார் சாட்சி?"

பின்வரிசையிலிருந்து, "நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் உக்காந்துகினு கீறேனே, தெரிலயா?" என்று ஒரு சத்தம். உங்கள் நாத்தனார்! அதிகாரியே ஆளனுப்பி வரவழைத்திருக்கிறார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இவ எங்க அண்ணன் பொண்டாட்டியான்னா கேக்கற? இந்தக் கைய பாரு. எங்கண்ணன் மொத முடிச்சு போட்டான், மிச்சம் ரெண்டு முடிச்சும் நாத்தனாரு நான் போட்டேன். முடிச்சு போட்டவளுக்குச் சீரு உண்டா இல்லியா, நீயே சொல்லு. ஒரு பொடவ குடுத்தாளா இவ? இத்தினி வருசமா கேட்டுகினு கீறேன்!"

நீங்கள் சும்மா இருந்திருக்கலாம். இருப்பீர்களா? "குடுத்தேனே, ஊதாப் பொடவ! ஊதா வாணாம்னு மூஞ்சில வீசுனது யாரு?"

"ஊதா ஒரு கலராடி? ரெண்டு முடிச்சு போட்டவளுக்கு ஊதாவ நீட்டறா சார் இவ!"

"எங்கூர்ல அதாம்மா ஒசத்தி!"

அதிகாரி தடுக்கவில்லை. முதலில் இவர் முகம், பிறகு அவர் முகம் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பியூன் தண்ணீர் வைத்தான். கல்யாணப் பந்தலில் யார் எங்கே உட்கார்ந்தது, சாம்பாரில் காரம் எவ்வளவு, ஊதாப் புடவை எந்தத் திசையில் பறந்தது, எல்லாம் சண்டையிலேயே வெளிவந்தது. கடைசியில் அவர் பேனாவை எடுத்து, "எனக்கும் மூணு தங்கச்சிங்க. இந்தச் சண்டைய யாரும் சொல்லிக்குடுத்துப் போட முடியாது" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். சில மாதம் கழித்து டெல்லியிலிருந்து வந்த கடிதம் எனக்கே முழுதாகப் புரிந்தது. நீங்கள் இந்தியர்தான், மேல் நடவடிக்கை இல்லை.

கடிதம் வந்த அன்று மாலை வண்டியில் யாருக்கும் விலை இல்லை. பாய் தன் கடையிலிருந்து நல்ல அரக்குப் புடவை ஒன்றை நீங்கள் கேட்டபடி கொண்டுவந்தார். நீட்டினீர்கள். நாத்தனார் தொட்டுப் பார்த்தார், ஜரிகையைத் தடவினார், திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"வாணாம். இத வாங்கிட்டா சண்ட தீந்துபூடும். நாளைக்கு இன்னொரு ஆபீசரு வந்தா நான் இன்னாத்தடி சொல்றது?"

நீங்கள் சிரித்துச் சிரித்து வண்டியைப் பிடித்துக்கொண்டீர்கள். அவரும் சிரித்தார். "மொட்ட மனு போடறவளா நானு? எதுன்னாலும் மூஞ்சிக்கு நேரா கேப்பேன்" என்றபடி என்னைப் பார்த்தார். நான் அத்தோவைப் பார்த்தேன்.

போன மாதம் உங்களைக் கிடத்தியிருந்தபோது அவர் உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து, "சீரு குடுக்காமயே பூட்டியேடி" என்று மாரில் அடித்துக்கொண்டார். சாவு வீட்டில் பாக்கி கேட்கிறாரே என்று வெளியூர் உறவு ஒன்று முகம் சுளித்தது. நானும் பாயும் அந்த ஆளை வெளியே கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்து விஷயத்தை விளக்கினோம்.

எனக்கும் உங்களோடு ஒரு சண்டை இருக்கிறது அக்கா. விசாரணைக்குப் பிறகு என்னை "இன்னா கிளாஸ்மேட்டு" என்றுதான் கூப்பிட்டீர்கள். ஊர் பிடித்துக்கொண்டது. இன்ஸ்டிடியூட்டில் மாணவர்கள் என் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்கிறார்கள். கோபம் வந்தால் என் மனைவியும். பத்திரிகைகளில் என் நகைச்சுவைத் துணுக்குகள் இத்தனை வந்திருக்கின்றன, ஒன்றுக்காவது ஊர் இப்படிச் சிரித்ததில்லை. இதை ஒருநாள் வண்டியருகே நின்று உங்களிடம் உரக்கக் கேட்டுவிட வேண்டுமென்று இருந்தேன். கேட்கவில்லை. இனி தீர்த்துக்கொள்வதாகவும் இல்லை, பத்திரமாக வைத்திருக்கிறேன். அங்கே மேலே வாசலில் எவராவது கண்ணாடியைக் கழற்றி, நீ எந்த ஊர், உன்னை யாருக்குத் தெரியும் என்று கேட்டால், நாத்தனாருக்கு முழங்கால் வலி, அவரை அலைக்கழிக்காதீர்கள். என்னைக் கூப்பிடுங்கள். இந்த முறை பொய் சொல்லமாட்டேன். வந்ததும் சண்டைதான்.