கொசுறு நின்ற வருஷம்

அக்கா,

இன்றைக்குக் காலையில் என் மகள் கடையிலிருந்து வந்து பையைக் கவிழ்த்தாள். பருப்பு, புளி, மிளகாய் என்று எல்லாமே ஒட்டிய பொட்டலங்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் கறிவேப்பிலை; அதற்கும் ஒரு விலைச்சீட்டு. உறையைப் பிரித்ததும் அந்த மணம் அடித்தது. அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கறிவேப்பிலைக்குக் காசு கொடுத்த பெண்ணை நீங்கள் என்ன திட்டு திட்டியிருப்பீர்கள் என்று நினைத்தேன். சிரிப்பு வரும் என்று பார்த்தால் அழுகைதான் வந்தது.

பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான். உங்கள் வீட்டுக்காரர் ஊர் ஊராகப் போய்ப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர். என் வீட்டுக்காரர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர். பணம் வந்தால்தான் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று தெரியும். சந்தை நாளில் இரண்டு வீட்டுக் காசையும் உங்கள் முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்புவோம். உங்கள் சாமர்த்தியம் எல்லாம் கொசுறில்தான் இருந்தது. வாங்கியதற்கு மேல் கடைக்காரர் சும்மா அள்ளிப் போடும் அந்த ஒரு பிடிக்காக நீங்கள் என்னவெல்லாம் செய்தீர்கள்!

"ஒரேயடியா வாங்குனா ஒருவாட்டிதான் கொசுறு. பிரிச்சு வாங்கு புள்ளே" என்பீர்கள். மிளகாய்க்காரரிடம் நீங்கள் பாதி வாங்கிக்கொண்டு நகர்ந்த பிறகு, உங்களை முன்பின் தெரியாதவள் போல நான் போய் மீதியை வாங்குவேன். ஒருநாள் அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"ரெண்டு பேரும் ஒரே வூடு தானுங்களே?"

"நல்லாச் சொன்னீங்க போங்க. அவ மாதா கோயிலு, நான் பள்ளிவாசலு. எப்புடி ஒரே வூடாவோம்?" என்றீர்கள் நீங்கள், முகம் மாறாமல். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு பிடி போட்டார்.

வீட்டுக்கு வந்து சாக்கை விரித்து எல்லாவற்றையும் ஆழாக்கால் அளந்து பங்கு பிரிப்பீர்கள். பங்கு சரியாக வந்த பிறகு உங்கள் குவியலிலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளி என் முறத்தில் போடுவீர்கள். "இந்தா, கொசுறு. நான் என்ன அந்த மொளகாக்காரனுக்குக் கொறைஞ்சவளா?" அப்போதெல்லாம் அது வெறும் விளையாட்டுதான்.

அப்புறம் எழுபதுகளில் அந்த மழை பொய்த்த வருஷம் வந்தது. சித்தேரி மலையிலிருந்து இறங்கும் சாமையும் கொள்ளும் வரவில்லை. சந்தையில் பாதி இடம் காலியாகக் கிடந்தது. விலை ஏறியதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். ஆனால் அன்று நீங்கள் வழக்கம்போலக் கையை நீட்டியபோது மிளகாய்க்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கைய மடக்கிக்குங்கம்மா. எங்க வூட்டுலயே ஒல வெக்கல."

திரும்பும் வழியெல்லாம் நீங்கள் வாயே திறக்கவில்லை. நீங்கள் பேசாமல் நடந்ததைப் பார்த்துத்தான் எனக்குப் பஞ்சம் என்பது புரிந்தது. பெங்களூரிலிருந்து பணமும் நின்றது. இருக்கும் பித்தளையையே சனங்கள் விற்றுக்கொண்டிருந்தபோது ஈயம் பூச யார் கூப்பிடுவார்கள்? என் மகள் அப்போது கைக்குழந்தை. பால் வற்றிப்போய், அவள் மாரைக் கடித்துக் கடித்து அழுவாள். பிள்ளையோடு கிணற்றில் விழுந்துவிடலாம் என்றுகூடப் போனேன், அக்கா. எட்டிப் பார்த்தால் பாறைதான் தெரிந்தது. விழுந்து சாகக்கூடத் தண்ணீர் இல்லாத வருஷம் அது.

அப்போதும் பங்கு பிரித்த பிறகு உங்கள் பிடி மட்டும் என் முறத்தில் விழுந்துகொண்டே இருந்தது. "சந்தையே நிறுத்திருச்சு, நீங்களும் நிறுத்துங்கக்கா" என்றேன். "நான் யேவாரியா? போ புள்ளே" என்றீர்கள். கஞ்சி குடிக்கக் கூப்பிட்டால் நோன்பு என்பீர்கள். ரம்ஜானில் தூரமான நாட்களில் விட்டுப்போன நோன்பைப் பெண்கள் பிறகு பிடித்துத் தீர்க்க வேண்டும் என்று முன்பே எனக்குச் சொல்லியிருந்தீர்கள். நான் நம்பினேன். மாதா கோயில்காரிக்கு உங்கள் கணக்கு என்ன தெரியும்? தவக்காலத்தில் ஒருவேளைச் சோற்றை விடுவதற்கே முனகுகிற எனக்கு உங்கள் பக்தியைப் பார்க்க வெட்கமாகத்தான் இருந்தது.

ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற நீங்கள் அப்படியே சரிந்தீர்கள். யாரோ சொம்பில் தண்ணீர் கொண்டு ஓடிவந்தார்கள். நான்தான் தடுத்தேன். "குடுத்துராதீங்க, அக்கா நோன்பு வெச்சிருக்காங்க" என்று சொம்பைப் பிடித்துத் தள்ளினேன். சேதி கேட்டு ஓடிவந்த உங்கள் வீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்தார்.

"என்ன நோன்பும்மா? விட்டதெல்லாம் எப்பவோ புடிச்சு முடிச்சுட்டாளே. ஒங்க வூட்டுல சாப்புட்டேன்னுல்ல தெனமும் எங்கிட்டச் சொல்றா."

அன்று சாயங்காலம் என் பானையில் இருந்த அரிசியை எடுத்துவந்து உங்கள் முன்னால் கொட்டினேன். வாயில் வந்தபடி திட்டினேன். எழுந்திருக்கவும் தெம்பில்லாமல் படுத்தபடியே என் கையைப் பிடித்தீர்கள்.

"கொசுறத் திருப்பிக் குடுக்கக் கூடாது புள்ளே. நீ பால் குடுக்கறவ. நான் சும்மா ஒக்காந்திருக்கறவதானே. எடுத்துட்டுப் போ."

நான் எடுத்துப் போகவில்லை. அன்றிலிருந்து ஒரே அடுப்புதான். நீங்கள் விழுங்கும் வரை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் உடம்பு அதற்குள் விட்டுப்போயிருந்தது. ஊரே வானத்தைப் பார்த்துக் கும்பிட்ட முதல் மழையோடு உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. மழை நின்றது, காய்ச்சல் நிற்கவில்லை. எனக்கு உங்கள் மேல் அன்று வந்த கோபம் இன்றைக்கும் அடங்கவில்லை, அக்கா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருப்பதைப் பாதிப் பாதியாகக் குடித்திருப்போமே.

உங்களை அடக்கம் செய்யும் மையவாடிக்குப் பெண்கள் வரக் கூடாது என்றார்கள். எங்களில் குழிக்குள் ஒரு பிடி மண் போட்டுவிட்டுத்தான் திரும்புவோம். உங்களைத் தூக்கிக்கொண்டு போனவர்களின் பின்னால் தெருமுனை வரை வந்து நின்றேன். ஈரமண்ணை அள்ளிய கை அப்படியே மூடியிருந்தது.

இன்றும் அரிசியை அளந்து உலையில் போட்ட பிறகு, என் கை தானாகத் திரும்ப டப்பாவுக்குள் போகிறது. "அளந்து போட்டுட்டு மறுபடியும் எதுக்கும்மா? தெனமும் சோறு மிஞ்சுது" என்று மகள் சண்டைக்கு வருகிறாள். என் மாரைக் கடித்து அழுத அதே பிள்ளைதான். இப்போது அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. உங்களுக்குப் போட முடியாமல் போன அந்த ஒரு பிடி என் கையிலேயே நின்றுவிட்டது. தினமும் உலையில் போட்டுப் பார்க்கிறேன், அக்கா. தீரவில்லை.