கத்தி இறங்காத சட்டை

மார்ச் 4, செவ்வாய்

கடையில் இன்று நல்ல கூட்டம். ராணுவ உடுப்பு வாங்க வருகிறவர்களில் ஒருவர்கூடச் சண்டைக்குப் போகிறவர் இல்லை. பல் டாக்டர் ஒருவர் பதினோரு பை வைத்த கால்சட்டை எடுத்தார். இத்தனை பையில் என்ன வைப்பீர்கள் என்றேன். யோசித்துவிட்டு, "மூக்குக் கண்ணாடி" என்றார்.

கல்யாணப் படம் எடுக்கிற ஒருவர், "சார் மிலிட்டரியா?" என்றார். தலையாட்டினேன். வாயைத் திறந்து ஆமாம் என்று சொல்லவில்லையே! மூன்று வருடமாக இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். முடியை ஒட்ட வெட்டச் சொன்னது முதலாளி. 'எல்லையில் இருந்தப்போ' என்று கதைவிட ஆரம்பித்தது நானேதான். எல்லையாம், எல்லை! ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் இடத்தில் ஓட்டத்திலேயே மயங்கி விழுந்தவன் நான்.

மார்ச் 11, செவ்வாய்

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் காவலுக்கு நிற்கிற அம்மா வந்தார். நாற்பது வயது இருக்கும்.

"போன வாரம் ஒருத்தன் கத்திரிக்கோலோட நர்ஸ் மேல பாஞ்சான் சார். நான் ஓடிப்போய் கதவுக்குப் பின்னாடி நின்னுட்டேன். கேவலமாப் போச்சு. கத்தி தாங்குற மாதிரி ஏதாவது இருக்கா?"

கறுப்பு மேல்சட்டையை எடுத்துக் காட்டினேன். உள்ளே வெறும் ஸ்பாஞ்சு. நாடகக்காரர்கள் வாங்கிப்போவது.

"இதுல கத்தி இறங்காது மேடம். நானே போட்டுட்டு நின்னிருக்கேன்."

முதலாளி அப்போது கடையில்கூட இல்லை. யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காகத்தான் சொன்னேன். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிமிர்ந்து நின்றார்.

மார்ச் 12

பில்லில் அவர் போன் நம்பர் இருக்கிறது. நாளைக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 13

சொல்லவில்லை.

ஏப்ரல் 2, புதன்

அதே ஆஸ்பத்திரிக் காவலாளிகள் இரண்டு பேர் வந்தார்கள்.

"அக்காவைக் குத்திட்டான் சார்."

உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டேன்.

"பயப்படாதீங்க, உயிருக்கு ஒண்ணுமில்ல. உங்க சட்டைதான் காப்பாத்திச்சு! எங்க எட்டு பேருக்கும் அதே வேணும்."

கிளறிக் கிளறிக் கேட்டேன். கத்தி பட்டது சட்டைப் பையில் இருந்த வாக்கிடாக்கியில். வழுக்கிக்கொண்டு விலாவில் இறங்கியிருக்கிறது. ஏழு தையல். சட்டை கிழிந்த இடத்தில் ஸ்பாஞ்சு வெளியே தெரிந்திருக்குமே, யாரும் பார்க்கவில்லையா?

முதலாளி எட்டுச் சட்டைக்கும் ஆர்டர் எழுதிக்கொண்டு என் தோளைத் தட்டினார். "நம்மாளு எக்ஸ் மிலிட்டரி, சும்மாவா?" இருவரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

நானும் கையை நீட்டினேன். சீ! கையை நீட்டினேன்.

ஏப்ரல் 3

என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எட்டு பேரா?" என்று மட்டும் கேட்டாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "வாங்க சார்" என்று சிரித்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு அந்தச் சிரிப்பில் மறந்துபோயிற்று.

"அது வெறும் ஸ்பாஞ்சு மேடம். நான் ராணுவத்துலயும் இருந்ததில்ல. எல்லாம் பொய்."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்.

"எனக்கு ஓட வழி இருந்துச்சு சார். பின்கதவு திறந்துதான் கிடந்துச்சு. இதைப் போட்டிருக்கோமேன்னுதான் குறுக்கே போய் நின்னேன்."

விலாவைப் பிடித்துக்கொண்டு மேலே சொன்னார்.

"எங்கம்மாவுக்கு எவ்வளவு தைரியம்னு என் பொண்ணு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கா. அவகிட்ட நான் இப்ப என்ன சொல்றது?"

நீங்கள் தைரியசாலிதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

"போயிடுங்க" என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார்.

ஏப்ரல் 5, சனி

வேலை மாறும் நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நின்று எட்டு பேரிடமும் சொன்னேன். ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். என்ன நினைத்தாரோ, அவரே விட்டுவிட்டார். அடித்திருந்தால் தேவலை.

முதலாளியிடமும் சொன்னேன். "உனக்கு மூளை கீளை கலங்கிடுச்சா?" என்றார். நாளையிலிருந்து வர வேண்டாமாம்.

ஏப்ரல் 22

எட்டு பேரும் வேலைக்கு ஏறாமல் வாசலில் உட்கார்ந்து, நிர்வாகத்திடம் நிஜமான கவசம் கேட்டு வாங்கிவிட்டார்களாம். அந்த அம்மாவும் வேலைக்குத் திரும்பிவிட்டாராம், அதே பிரிவுக்கு. மனைவிதான் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னாள்.

ஜூன் 19, வியாழன்

மழைக்கோட்டுக் கடையில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. இன்று ஒரு தாய் தன் மகளுக்கு நீலக் கோட்டு எடுத்தார்.

"இது போட்டா நனையாதுல்ல?"

"தூறலுக்குத் தாங்கும்மா. பெருமழைன்னா தோள் தையல் வழியா உள்ள இறங்கும்."

கோட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார். புது முதலாளி கல்லாவிலிருந்து என்னையே பார்த்தார். நான் அதை மடித்து அலமாரியில் வைத்தேன்.